1950 என்ற எல்லைக்கோடு: வில்லார்ட் லிபியும் மாத்தளை எலும்புகளும்

2012ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் உயிர்வாயு அலகு ஒன்றை அமைப்பதற்காக மண் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். நீதவானின் உத்தரவின்பேரில் அகழ்வு தொடர்ந்தது. அடுத்த சில மாதங்களில் 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் வெளியே வந்தன. 1940களில் வந்த கொள்ளைநோயில் செத்தவர்கள் என்றார்கள் சிலர். மண்சரிவில் புதைந்தவர்கள் என்றார்கள் வேறு சிலர். மண் அடுக்குகளையும் கூடக் கிடைத்த பொருட்களையும் ஆராய்ந்த தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்துக்குரிய புதைகுழி இது என்று அறிக்கை கொடுத்தார். அது ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அரசு நசுக்கியதும் நடந்த காலம். பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த சிங்களத் தாய்மார் மாத்தளைக்கு வந்து அந்தக் குழியின் ஓரத்தில் நின்றார்கள். 1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் பிற்காலத்தில் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்‌ஷ. புதைகுழியை விசாரிக்க 2013இல் ஆணைக்குழுவை நியமித்தவர் அவருடைய சகோதரர், அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்‌ஷ.

எலும்பு மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. எலும்புகள் 1950க்கு முற்பட்டவை என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியோடு மாத்தளை வழக்கின் உயிர் ஏறக்குறைய போய்விட்டது.

ஏன் 1950? 1949 அல்ல, 1960 அல்ல, சரியாக 1950 ஏன்? இந்த ஆண்டு ஆய்வுகூடத்தார் மாத்தளைக்காகத் தெரிந்தெடுத்த ஒன்றல்ல. உலகத்தில் உள்ள எல்லாக் காபன் ஆய்வுகூடங்களும் காலத்தை எண்ணத் தொடங்கும் பூச்சியம் அதுதான். இந்த எண்ணிக்கை முறைக்கு வழி திறந்தவர் வில்லார்ட் பிராங்க் லிபி என்ற அமெரிக்க இரசாயனவியலாளர். அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மாத்தளை என்ற ஊரின் பெயர்கூட அவர் காதில் விழுந்திருக்காது. ஆனாலும் மாத்தளையிலும் மன்னாரிலும் தம் பிள்ளைகளைத் தேடும் ஒவ்வொரு குடும்பத்தின் கோப்புக்குள்ளும் அவருடைய கணக்கு ஒன்று இருக்கிறது. தமிழில் லிபி என்றால் எழுத்து. எலும்பில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தப் பெயர் வாய்த்தது தற்செயல்தான்.

லிபி 1908 டிசம்பர் 17ஆம் திகதி கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் வலி என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதாகும் முன்னரே குடும்பம் கலிபோர்னியாவின் செபாஸ்ரபோல் பகுதிக்குப் பெயர்ந்தது. அது அப்பிள் தோட்டங்கள் நிறைந்த ஊர். பையன் நல்ல உயரம், நல்ல பலம். பழப்பெட்டிகள் அடித்துக் கொடுத்துப் படிப்புச் செலவுக்குப் பணம் சேர்த்தான். 1931இல் பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம், 1933இல் கலாநிதிப் பட்டம், பிறகு அங்கேயே விரிவுரையாளர் வேலை.

பேர்க்லியில் அவர் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. கதிர்த்தொழிற்பாட்டை எண்ணும் கைகர் எண்ணிகள் அமெரிக்காவில் அரிதாக இருந்த காலம் அது. லிபி தன் கையாலேயே அதைச் செய்தார். மிகப் பலவீனமான கதிர்வீச்சையும், சாதாரண மூலகங்கள் என்று கருதப்பட்டவற்றுக்குள் ஒளிந்திருந்த கதிர்வீச்சையும் எண்ணுவதுதான் அவருடைய ஆய்வு. பலமான சத்தத்தை யாரும் கேட்கலாம். சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க வேண்டுமானால் முதலில் இரைச்சலை அளந்து அதைக் கழிக்கத் தெரிய வேண்டும். லிபி வாழ்நாள் முழுக்கச் செய்தது இந்தக் கழித்தலைத்தான்.

1940இல் அதே பேர்க்லியில் மார்ட்டின் கேமன், சாம் ரூபன் என்ற இருவர் காபன் 14ஐக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. அப்போது பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு விடுப்பில் இருந்த லிபி, உடனே பேராசிரியர் ஹரல்ட் யூரேயிடம் போய்ப் போர் வேலைக்குத் தன்னைக் கொடுத்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்காக யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் வாயுப் பரவல் முறையில் வேலை செய்தார். அந்த வேலை ஹிரோஷிமாவில் போய் முடிந்தது. இதைச் சொல்லாமல் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது. பிறகும் அவர் குண்டை விட்டு விலகியவர் அல்ல.

1945இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஒரு யோசனை அவர் மனதில் இருந்தது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் நியூத்திரன்களை உண்டாக்குகின்றன என்பதை சேர்ஜ் கோர்வ் என்பவர் 1939இல் காட்டியிருந்தார். அந்த நியூத்திரன்கள் காற்றில் உள்ள நைதரசனில் மோதினால் காபன் 14 உண்டாக வேண்டும். அது காபனீரொட்சைட்டாகிச் செடிக்குள் போகும், செடியைத் தின்னும் மாட்டுக்குள் போகும், சோற்றையும் பாலையும் உண்ணும் நமக்குள்ளும் வரும். உயிரோடு இருக்கும்வரை வரவும் செலவும் சமமாக இருக்கும். இறந்தபின் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். ஏறத்தாழ 5,700 ஆண்டுகளில் பாதியாகும், இன்னும் அத்தனை ஆண்டுகளில் அதன் பாதியாகும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணினால் எப்போது இறந்தது என்று தெரியும்.

யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், பணமும் தரமாட்டார்கள் என்று நினைத்துத் தொடக்கத்தில் அவர் இதை வெளியே சொல்லவில்லை.

முதல் சோதனைக்கு அவர் தேடிப் போன பொருள் மலக்கழிவு. பால்ரிமோர் நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் உண்டாகும் மெதேன் வாயு உயிரினங்களிலிருந்து புதிதாக வருவது. எண்ணெய்க் கிணற்று மெதேன் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்தவற்றிலிருந்து வருவது. முன்னதில் காபன் 14 இருக்க வேண்டும், பின்னதில் இருக்கக்கூடாது. 1947இல் ஏர்னஸ்ட் அன்டர்சனும் லிபியும் கூட்டாளிகளும் அப்படியே இருப்பதைக் காட்டினார்கள். உயிர்வாயுவில் தொடங்கிய அறிவியல் அது. அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஓர் உயிர்வாயுக் குழியில் கிடைத்த எலும்புகளின் காலத்தைச் சொல்ல அதுவே வந்து நின்றது. கதையாக எழுதினால் மிகைப்படுத்துகிறோம் என்பார்கள்.

அந்த முதல் சோதனைக்குக் காபனை முன்கூட்டியே செறிவாக்க வேண்டியிருந்தது, செலவும் பெரிது. சாதாரண மரத்துண்டை நேரடியாக எண்ண வேண்டுமானால் வேறு தடை. ஒரு கிராம் புதிய காபனில் நிமிடத்துக்கு 15க்கும் குறைவான சிதைவுகள்தான் நடக்கும். எண்ணியோ சும்மா மேசையில் வைத்தாலே சுற்றுச்சூழல் கதிர்வீச்சால் நிமிடத்துக்குச் சில நூறு தடவை துடிக்கும். லிபி எட்டு அங்குல இரும்புச் சுவரால் எண்ணியைச் சுற்றி மூடினார். அதையும் ஊடுருவி வரும் விண்கதிர்களைப் பிடிக்க, நடு எண்ணியைச் சுற்றி வளையமாகக் காவல் எண்ணிகளை வைத்தார். வெளியே உள்ள காவல் எண்ணியும் உள்ளே உள்ளதும் ஒரே கணத்தில் துடித்தால் அது வெளியிலிருந்து வந்த கதிர், அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரைச்சல் நிமிடத்துக்கு ஐந்து அளவுக்கு இறங்கியது. மாதிரியை எரித்து, கரித்தூளாக்கி, எண்ணியின் உட்சுவரில் பூசி, மணிக்கணக்காக எண்ணினார்கள்.

இனித்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய இடம் வருகிறது. கருவி ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் சரி என்று எப்படித் தெரியும்?

லிபி புதிருக்குள் நேராக இறங்கவில்லை. வயது தெரியாத பொருட்களை ஒதுக்கிவிட்டு, வயது ஏற்கெனவே தெரிந்தவற்றைக் கேட்டு வாங்கினார். வரலாற்றுப் பதிவுகளால் காலம் உறுதியான எகிப்திய அரசர் கல்லறைகளின் மரம், வளையம் எண்ணிய பழைய செம்மரம், தொல்லியலாளர் காலம் குறித்திருந்த அரண்மனை ஒன்றின் தளப்பலகை. மாதிரிகளைத் தெரிந்தெடுக்க அமெரிக்க மானிடவியல் சங்கத்தார் ஒரு குழுவை அமைத்தார்கள். அளப்பவர் ஒருவர், எதை அளப்பது என்று முடிவு செய்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

எகிப்திய அரசன் ஜோசரின் கல்லறை வேலமரம் 1948 ஜூலையில் அளக்கப்பட்டது. வரலாற்றின்படி அதன் வயது 4,650 ஆண்டுகள் இருக்க வேண்டும். எண்ணிக்கை சொன்னது 3,979, கூட்டல் கழித்தல் 350. அறுநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் குறைந்தன. இன்னும் நான்கு தடவை அளந்து, பிடித்ததை மட்டும் வெளியிடுகிற ஆட்கள் எந்தக் காலத்திலும் உண்டு. லிபியும் ஜேம்ஸ் ஆர்னல்டும் அந்த எண்ணை அப்படியே, அதன் பிழை வரம்போடு, 1949 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையில் சேர்த்தார்கள். தெரிந்த வயதுகளை ஒரு பக்கமும் அளந்த கதிர்த்தொழிற்பாட்டை மறுபக்கமும் வைத்து ஒரு வளைகோடு வரைந்தார்கள். புள்ளிகள் கோட்டில் ஒட்டி நிற்கின்றனவா, எவ்வளவு விலகுகின்றன என்பதை வாசகரே பார்க்கலாம்.

இன்று ஆய்வுகூடத் தரஉறுதிப்பாடு என்று நாம் சொல்வதன் சாரம் அந்த வளைகோட்டில் இருக்கிறது. காபன் ஆய்வுகூடம் ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும் காபன் 14 அறவே இல்லாத ஒரு பொருளை, நிலக்கரி போன்றதை, சேர்த்து ஓட்டும். அதில் ஏதாவது எண்ணிக்கை வந்தால் எங்கோ அழுக்குக் கலந்துவிட்டது என்று அர்த்தம். உலகப் பொதுவான அளவுகோல் ஒன்றையும் ஓட்டும். அந்த அளவுகோல், 1955இல் விளைந்த பீட்ரூட் சீனியிலிருந்து செய்த ஒட்சாலிக் அமிலம். அமெரிக்கத் தர நிர்ணயப் பணியகம் அதைச் செய்து ஆய்வுகூடங்களுக்குக் கொடுத்தது. அதன் கதிர்த்தொழிற்பாட்டில் 95 வீதமே 1950ஆம் ஆண்டின் மட்டம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. பூச்சியம் வந்த வழி இதுதான். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் முன்னின்று, விடையை வெளியிடாமல் ஒரே மாதிரியைப் பல நாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி, யார் எவ்வளவு விலகுகிறார்கள் என்று ஒப்பிடும் பரீட்சைகளைப் பல சுற்றுகள் நடத்தியிருக்கிறார்கள். பரிசோதனைக் கூடங்களின் தகைமைக்கு ஐ.எஸ்.ஓ. 17025 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது. இலங்கையில் அதன்படி தராதரச் சான்று வழங்க 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரு சபை அமைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரையும் தேயிலையையும் சோதிக்கும் கூடங்களுக்கு அந்தச் சான்று கேட்கிறோம். எலும்புக்குக் கேட்பது நமக்கு இன்னும் பழக்கமாகவில்லை.

லிபிக்கும் பிழைகள் உண்டு. அரைவாழ்வுக்காலத்தை 5,568 ஆண்டுகள் என்று வைத்தார். பிறகு செய்த நுணுக்கமான அளவீடுகள் 5,730 என்று காட்டின. ஆனாலும் பழைய முடிவுகளோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஆய்வுகூடங்கள் இன்றுவரை அவருடைய பிழையான எண்ணை வைத்தே முதல் கணக்கைப் போட்டு, பின்னால் திருத்துகின்றன. காற்றில் காபன் 14இன் அளவு எக்காலமும் மாறாமல் இருந்தது என்பதும் அவர் எடுகோள். 1950களின் இறுதியில் நெதர்லாந்தின் ஹெஸல் டி விரீஸ் அது ஏறி இறங்கியிருப்பதைக் காட்டினார். ஹான்ஸ் சூஸ் கலிபோர்னியாவின் மிகப் பழைய பைன் மரங்களின் வளையங்களை அளந்து திருத்த வளைகோடு வரைந்தார். லிபி இதை எளிதில் ஏற்கவில்லை. தெரிந்த வயதோடு ஒப்பிட்டுப் பார் என்று ஊருக்குச் சொன்னவருக்கு, மரவளையம் அதையே தனக்குச் செய்தபோது கசந்தது. இதில் வியப்பில்லை.

1954இல் ஜனாதிபதி ஐசன்ஹவர் அவரை அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் உறுப்பினராக்கினார். 1959வரை அந்தப் பதவியில் இருந்தார். வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்த காலம் அது. வெடிப்புத் தூசியிலிருந்து வரும் ஸ்த்ரோன்சியம் 90 பாலின் வழியாகக் குழந்தைகளின் எலும்புக்குள் போவது தெரிந்திருந்தது. ஆபத்துச் சிறிது, நாட்டின் பாதுகாப்புப் பெரிது என்று ஆணைக்குழுவின் சார்பில் வாதாடிய அறிவியலாளர் லிபி. எதிர்த்தரப்பில் லைனஸ் போலிங் நின்றார். குண்டுச் சோதனையை நிறுத்தக் கோரி 9,000க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களின் கையொப்பத்தை 1958இல் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்தவர் அவர்.

ஸ்த்ரோன்சியம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளக்க எலும்பு வேண்டும், முக்கியமாகக் குழந்தைகளின் எலும்பு. சன்ஷைன் திட்டம் என்ற அழகான பெயரில் பல நாடுகளின் வைத்தியசாலைகளிலிருந்து இறந்த குழந்தைகளின் எலும்புகள் எடுக்கப்பட்டன. பெற்றோரிடம் கேட்கவில்லை. 1955 ஜனவரியில் நடந்த மூடிய கூட்டம் ஒன்றில், குழந்தைகளின் மாதிரிகள் கிடைப்பது கடினமாக இருக்கிறது என்று லிபி குறைப்பட்டார். பிணங்களை எப்படியாவது கைப்பற்றித் தரத் தெரிந்தவர் தேசத்துக்குச் சேவை செய்தவராவார் என்ற பொருளில் பேசினார். அந்தக் கூட்டக் குறிப்பு நாற்பது ஆண்டுகள் இரகசியமாக இருந்து 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்க அரசு நியமித்த விசாரணைக் குழுவின் வழியே வெளியே வந்தது. அதற்குள் லிபி இறந்து வெகுகாலமாகியிருந்தது.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. எலும்பின் வயதைக் கேட்கும் வழியை உலகுக்குத் தந்த மனிதர், அந்த எலும்புக்கு ஒரு தாய் இருக்கிறாள் என்பதை அந்தக் கூட்டத்தில் மறந்துபோனார். இரண்டும் ஒரே மனிதர். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அவருடைய வளைகோட்டுக்கே நாம் துரோகம் செய்கிறோம்.

1960இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் அவர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். அணுப்போர் வந்தாலும் சாதாரணக் குடும்பம் தப்பலாம் என்று காட்ட, 1961இல் தன் வீட்டில் மண்மூட்டைகளையும் தண்டவாளக் கட்டைகளையும் வைத்து ஒரு பங்கர் கட்டினார். பத்திரிகைகள் அதைப் படம் பிடித்துப் போட்டன. சில வாரங்களில் அந்த மலைப்பகுதியில் பெருந்தீ பரவியது. வீடும் பங்கரும் தீயில் அகப்பட்டன. மண்மூட்டைக்கும் தென்னங்குற்றிக்கும் கீழே மாதக்கணக்காக வாழ்ந்த நம் சனங்களுக்கு இந்தக் கதையில் சிரிப்பு வருமா, பெருமூச்சு வருமா தெரியவில்லை.

குண்டுச் சோதனைகள் இன்னொன்றையும் செய்தன. அவை காற்றில் காபன் 14ஐக் கொட்டின. 1963இல் வெட்டவெளிச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்த வேளையில், வட அரைக்கோளத்தின் காற்றில் அதன் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. பிறகு கடலும் காடும் உறிஞ்ச உறிஞ்ச மெல்லக் குறைந்தது. 1950களின் நடுப்பகுதிக்குப் பின் சாப்பிட்டு வளர்ந்த எவருடைய உடம்பிலும் இந்தக் குண்டுக் காபன் இருக்கும். உங்களிலும் இருக்கிறது. லிபி ஆதரித்து நின்ற குண்டுகள் அவருடைய மணிக்கூட்டைக் கெடுத்தன, அதோடு நம் காலத்துக்குப் புதிய மணிக்கூடு ஒன்றையும் தந்தன.

மாத்தளைக்குத் திரும்பும் இடம் இதுதான். 1989இல் இருபது வயதில் கொல்லப்பட்ட ஒரு பையன் 1969இல் பிறந்திருப்பான். அவன் எலும்பின் காபன் 14 மட்டம் 1950இன் மட்டத்தை விடத் தெளிவாக உயர்ந்திருக்கும். 1940களில் இறந்தவரின் எலும்பு அந்த மட்டத்துக்குக் கீழே நிற்கும். இரண்டும் ஒன்றோடொன்று குழம்பும் அளவுக்குக் கிட்டியவை அல்ல. ஆகவே ஆய்வுகூடம் 1950க்கு முந்தியது என்று சொன்னால், அதன் முன் வைக்கப்பட்ட எலும்பைப் பற்றி அது பெரும்பாலும் தெளிவாகவே பேசுகிறது. அந்த எலும்பு குழியின் எந்த இடத்திலிருந்து வந்தது, யார் பொதி செய்தார், யார் முத்திரை வைத்தார், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு அது சாட்சி என்பவற்றை ஆய்வுகூடம் அறியாது. வைத்தியசாலை வளாகம் போன்ற பழைய நிலத்தில் ஒரு காலத்தவர் மட்டும்தான் புதைக்கப்பட்டிருப்பார்கள் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டவும் முடியாது.

மன்னார் சதொச வளவில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. குழந்தைகளும் அவற்றில் இருந்தார்கள். ஆறு மாதிரிகள் மயாமியிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுகூடத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த அறிக்கை அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. குழியில் பிஸ்கட் உறை கிடைத்ததே என்று குடும்பங்கள் கேட்டன. நியாயமான கேள்வி. ஆறு எலும்பு முந்நூறு பேருக்காகப் பேசுமா என்பது அதைவிட நியாயமான கேள்வி.

மன்னார் சனங்கள் மீன் சாப்பிடுபவர்கள், அதனால்தான் வயது கூடிவிட்டது என்று அப்போது ஒரு பேச்சும் உலவியது. அதில் பாதி உண்மை உண்டு. கடல் நீரில் பழைய காபன் கலந்திருப்பதால் கடலுணவு உண்பவரின் எலும்பு சில நூறு ஆண்டுகள்வரை மூப்பாகத் தெரியலாம். 1880இல் இறந்த முத்துக்குளிப்பவரை அது இன்னும் பழைய காலத்தவராக்கும். 1990இல் இறந்தவரை அது பதினைந்தாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகாது, ஏனென்றால் குண்டுக் காபன் அதற்குள் கடலுக்கும் போய்விட்டது. இறந்த காபன், அதாவது பெற்றோலியத்திலிருந்து செய்த பசையோ பூச்சோ எலும்பில் ஏறினாலும் வயது கூடும். ஆனால் 1990இன் எலும்பை அவ்வளவு தூரம் தள்ள அதன் காபனில் ஏறத்தாழக் கால்பங்கு அப்படிப்பட்ட கலப்பாக இருக்க வேண்டும். அவ்வளவு கலந்தால் இன்னொரு சோதனை காட்டிக்கொடுத்துவிடும். எலும்பிலிருந்து பிரித்தெடுத்த கொலாஜன் புரதத்தில் காபன் அணுக்களுக்கும் நைதரசன் அணுக்களுக்கும் உள்ள விகிதம் 2.9இலிருந்து 3.6க்குள் இருக்க வேண்டும். வெளியே போனால் மாதிரி கெட்டது என்று பொருள். அந்த விகிதத்தை அறிக்கையில் தேடிப் பார்க்கவும், இல்லையென்றால் கேட்டு வாங்கவும் குடும்பங்களின் சட்டத்தரணிகளுக்கு முடியும். கோபத்தோடு அறிக்கையைக் கிழிப்பதைவிட அது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன தோட்டத்துச் சனங்களில் பலர், அங்கேயும் 2009இல் பிள்ளைகளை இழந்தார்கள். மாத்தளைக் குழியின் தாய்மார் பெரும்பாலும் சிங்களவர், மன்னாரிலும் செம்மணியிலும் நிற்பவர்கள் தமிழர். செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது, மாத்தளையில் வேலை செய்த அதே ராஜ் சோமதேவதான் அகழ்வை வழிநடத்தினார். இரு பக்கத்தாரும் கேட்க வேண்டிய ஆவணங்கள் ஒன்றே.

லிபி 1976இல் ஓய்வு பெற்றார். முதல் மனைவி லியனோரோடு இரட்டைப் பெண்பிள்ளைகள். அந்தத் திருமணம் 1966இல் முறிந்தபின், சிக்காகோவின் முதல் அணு உலையில் வேலை செய்த பௌதிகவியலாளர் லியோனா வூட்ஸ் மார்ஷலை மணந்தார். 1980 செப்டெம்பர் 8ஆம் திகதி, நுரையீரலில் இரத்தக்கட்டியும் நிமோனியாவும் சேர்ந்து, லொஸ் ஏஞ்சலிஸில் உயிர் பிரிந்தது. வயது 71.

மாத்தளையில் காணாமலாக்கப்பட்ட இளைஞர்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். காற்றில் குண்டுக் காபன் உச்சத்தில் நின்ற 1960களில் பிறந்தவர்கள் அவர்களில் பலர். எலும்பு வாழ்நாளெல்லாம் புதுப்பிக்கப்படும், பல்லின் மிளிரி ஒருமுறை உருவானால் மாறாது. சிறுவயதில் எந்த ஆண்டின் காற்று அதற்குள் போனதோ அதுவே அங்கே நிற்கும். ஒரு பல் கிடைத்தால் அதன் சொந்தக்காரர் பிறந்த ஆண்டை ஓரிரு ஆண்டு வித்தியாசத்தில் சொல்லிவிடலாம்.